புதுச்சேரி துமாஸ் வீதி மஞ்சள் சுவரை வாட்டர்கலர்ல வரைஞ்சா, பாசி பிடிச்ச மாதிரி வருதா?

நிழலுக்குக் கறுப்பு கலக்குறதை நிறுத்துங்க. மஞ்சளோட கறுப்பு சேர்ந்தா பச்சைப் பக்கம்தான் சாயும். அதுக்குப் பதிலா, மஞ்சள் நல்லா காய்ஞ்சதும், நிறைய தண்ணி விட்ட ஊதாவை மேலே ஒரே தடவை ஓட்டுங்க. திரும்பத் தேய்ச்சா சேறாயிடும்.

"சாயங்காலம் கடற்கரைச் சாலையில உட்கார்றேன், வரையவே தோணலை"ன்னு எழுதியிருக்கீங்க. தப்பு உங்க மேல இல்ல, நேரத்து மேலன்னு நினைக்கிறேன். புதுச்சேரிக்குக் கடல் கிழக்கே. 5 மணிக்கு வெயில் ஊருக்குப் பின்னால இறங்கிடும், கண்ணுக்கு முன்னால எல்லாமே ஒரே சாம்பல்.

நாளைக்குக் காலை 7 மணிக்கு அதே துமாஸ் வீதியில மேற்கு வரிசைச் சுவரைப் பாருங்க. கிழக்கு பார்த்த சுவர், வெயில் நேரா விழும். உள்ளங்கை அளவுத் தாள் போதும், சுவரை மட்டும் வரைங்க. காகிதப்பூக் கொடி தொங்குற இடத்து நிழல்ல லேசா ரோஸ் ஏறியிருக்கும். சாயங்காலம் 4 மணிக்கு இன்னொண்ணு. ரெண்டும் ஒரே மாதிரி வந்தா நான் சொன்னது தப்பு.

சுவர் அலுத்துட்டா பெரிய மார்க்கெட் மீன் பக்கம் போங்க. கிளிப்பச்சைப் புடவை, அரக்கு ரவிக்கை, முன்னால ஐஸ் மேல வெள்ளியா வஞ்சிரம். எந்த நிறத்தோட எது சேரும்னு நான் கத்துக்கிட்டது அங்கதான். (அந்தம்மாகிட்ட கேட்டுட்டு வரைங்க. வியாபார நேரத்துல குறுக்கே நின்னா திட்டு நிச்சயம்.)

ஒண்ணு மட்டும்: ஐப்பசி, கார்த்திகையில இந்த ஊதா வேலை சொதப்பும். காத்துல ஈரம், அடி மஞ்சள் சீக்கிரம் காயாது. புறங்கையை வெச்சுப் பாருங்க, ஜில்லுன்னு இருந்தா இன்னும் காயலை.