மகன் கணவரிடம் இருக்கிறான், பார்க்க விடுவதில்லை. வழக்கறிஞர் வைக்க வசதியில்லை. சட்ட உதவி எங்கே கிடைக்கும்?

கிடைக்கும், இலவசமாகவே கிடைக்கும். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குப் போய் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் எங்கே என்று கேளுங்கள். போக முடியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். வழக்கறிஞரை அவர்களே நியமிப்பார்கள். நீதிமன்றக் கட்டணமும் உங்கள் தலையில் விழாது.

கேட்ட கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் உங்களுக்கு ஏற்கெனவே பதில் எழுதிய ஒருவர், "பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு வந்தவளுக்கு இப்போது என்ன உரிமை?" என்று கேட்டிருக்கிறார். இதே வார்த்தைகளை நான் உறவினர் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன், நீதிமன்ற வராந்தாவில் முன்பின் தெரியாதவர்களிடமிருந்தும் கேட்டிருக்கிறேன். அதனால் இது கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நீங்கள் எழுதவில்லை என்றாலும் எனக்குப் புரிகிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் நிலைமையில் நீங்கள் இருந்திருக்க மாட்டீர்கள். "நீ போ, பையன் இங்கேதான் இருப்பான்" என்று யாரோ கதவை மறித்து நின்றிருப்பார்கள். தங்க இடம் தேடி, வேலை தேடி, மூச்சு விட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும். இப்போது அந்த மாதங்களையே உங்களுக்கு எதிராகத் திருப்புவார்கள். என் கதையும் இதுதான்.

என் மகனுக்கு அப்போது ஏழு வயது. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் மகன் அதைவிடச் சிறியவன் என்றால் பார்க்கும் உரிமையோடு நிற்காதீர்கள், அவனை உங்களிடமே வைத்து வளர்க்கும் பொறுப்பையே கேளுங்கள். என் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டதால் அந்தப் பிரிவு எனக்குக் கைகொடுக்கவில்லை.

முதலில் பார்த்த தனியார் வழக்கறிஞர், காவல் நிலையத்தில் புகார் கொடு, உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு (சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருப்பவரை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லும் மனு) போடு, எல்லாம் வழிக்கு வரும் என்றார். கட்டணமும் அதற்கேற்பச் சொன்னார். மறுத்துவிட்டேன். தந்தையும் சட்டப்படி இயற்கைப் பாதுகாவலர்தான். அவரிடம் இருக்கும் குழந்தையைச் சட்டவிரோதக் காவலில் இருப்பதாகக் காட்டுவது எளிதல்ல. அதைவிட, என் மகன் வீட்டு வாசலில் போலீஸைப் பார்ப்பதை நான் விரும்பவில்லை.

சட்டப் பணிகள் ஆணைக்குழு நியமித்தவர் இளம் வயதுப் பெண் வழக்கறிஞர். இலவச வழக்கறிஞர்கள் அக்கறை காட்ட மாட்டார்கள் என்று பலர் எழுதுவார்கள். அவர்கள் அனுபவம் அப்படி இருந்திருக்கலாம். எனக்கு வாய்த்தவர் வாய்தாவுக்கு முதல் நாள் மாலையில் தானாகவே அழைத்துப் பேசுவார். 1890ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தின் கீழ், குழந்தை யார் பொறுப்பில் இருப்பது என்று தீர்மானிக்கக் கேட்கும் மனுவை, நீதிமன்றத்தில் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்று சொல்வார்களே, அதைத் தாக்கல் செய்தார். கூடவே, வழக்கு முடியும்வரை மகனைச் சந்திக்க இடைக்கால மனுவும் போட்டார். இந்த இடைக்கால மனுவை மறந்துவிடாதீர்கள். மூல வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும், பிள்ளை அதுவரை வளராமல் காத்திருக்க மாட்டான். விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால் தனி வழக்கு தேவையில்லை. இந்துத் திருமணச் சட்டம் 26ஆம் பிரிவின் கீழ் அந்த வழக்கிலேயே கேட்கலாம். குடும்ப வன்முறைக்காக மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுத்திருந்தால், 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் தற்காலிகப் பொறுப்பைக் கேட்கவும் வழியிருக்கிறது.

முதல் சந்திப்பு குடும்ப நல நீதிமன்ற ஆலோசகரின் அறையில் நடந்தது. மகன் என் பக்கம் வரவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆலோசகர் எங்களை அவசரப்படுத்தாமல் தன் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து மெல்லக் கேட்டான்: "அம்மா, நீ போலீஸைக் கூட்டி வந்திருக்கிறாயா?" இல்லை என்றேன். "அப்பாவைப் பிடித்துக்கொண்டு போக மாட்டாயே?" என்றான். சத்தியமாக மாட்டேன் என்றேன். அதன் பிறகுதான் பள்ளியில் புது இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள் என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினான். அந்தத் தனியார் வழக்கறிஞர் பேச்சை நான் கேட்டிருந்தால் அவனுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்?

அடுத்து சமரச மையத்தில் உடன்பாடு ஏற்பட்டு, நீதிமன்றமும் அதையே உத்தரவாக்கியது. "தாய் ஞாயிற்றுக்கிழமைகளில் மகனைச் சந்திக்கலாம்" என்று ஒரே வரி. நேரமும் இல்லை, இடமும் இல்லை, யார் அழைத்து வருவது என்றும் இல்லை. ஒரு ஞாயிறு காய்ச்சல் என்றார்கள், அடுத்த ஞாயிறு ஊருக்குப் போய்விட்டோம் என்றார்கள், பிறகு தேர்வு வந்தது. உத்தரவை மீறியதாக ஒருவரும் சொல்ல முடியாதபடி என் ஞாயிறுகள் கரைந்தன. என் வழக்கறிஞர் மறுபடி மனு போட்டு உத்தரவை மாற்ற வைத்தார். குழந்தை பற்றிய உத்தரவு எதுவும் இறுதியானதல்ல, சூழ்நிலை மாறினால் மாற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் 1973இலேயே சொல்லியிருக்கிறது. புது உத்தரவில் முதல், மூன்றாம் சனிக்கிழமை, காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, தந்தையே அழைத்து வந்து விட வேண்டும், கோடை விடுமுறையில் பாதி, புதன் மாலை வீடியோ அழைப்பு, ஒரு சந்திப்பு தவறினால் அடுத்த வாரம் ஈடு என்று அத்தனையும் இருந்தது. வீடியோ அழைப்பு கேட்கத் தயங்காதீர்கள். நேரில் சந்திப்பதோடு இப்படித் தொடர்பில் இருப்பதையும் 2020இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. ஆலோசகர் முன்னால் வாய்மொழியாகச் சம்மதித்ததை நம்பி எழுந்து வராதீர்கள். எழுத்தில், உத்தரவில் இருந்தால்தான் மீறும்போது நிறைவேற்றல் மனு போட முடியும்.

தந்தைகளுக்கு எதிராக எழுதுகிறேன் என்று யாரும் வரிந்துகட்டிக்கொண்டு வர வேண்டாம். என் முன்னாள் கணவர் மகனை நன்றாகத்தான் வளர்க்கிறார், அதை நீதிபதி முன்பும் சொன்னேன். பிள்ளையைப் பார்க்க முடியாமல் அதே வராந்தாவில் நின்ற தந்தைகளையும் பார்த்திருக்கிறேன். மாநில அரசு வகுத்த வருமான வரம்புக்குள் இருந்தால் அவர்களுக்கும் இலவச உதவி உண்டு. நான் வழக்கறிஞரும் இல்லை, பட்டதைச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். சனிக்கிழமை மகன் வந்தால் உட்கார ஒரு வீடு வேண்டுமே என்று தேடினேன். சம்பளச் சீட்டு இருந்தது, முன்பணம் இருந்தது. "கணவர் கையெழுத்துப் போட வருவாரா?" என்று கேட்டுவிட்டு எத்தனை பேர் கதவைச் சாத்தினார்கள்! ஒருவர் வாடகை எல்லாம் பேசி முடித்த பிறகு, தனியாக இருக்கும் பெண் என்றால் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். நீதிமன்றமே நம்பிக் குழந்தையை என்னிடம் அனுப்புகிறது, இவர்களுக்கு ஒரு சாவியைத் தர நம்பிக்கை இல்லை. இதற்கு எந்த நீதிமன்றத்தில் மனு போடுவது? இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். காப்பாளர் சட்டத்தின் கீழ் மனு போடுவதாக இருந்தால், உங்கள் மகன் வழக்கமாக வசிக்கும் ஊருக்கு உரிய நீதிமன்றத்தில்தான் போட வேண்டும், நீங்கள் இருக்கும் ஊரில் அல்ல. "செலவுக்குப் பணம் தராதவளுக்குப் பார்க்க உரிமையில்லை" என்று எதிர்மனுவில் எழுதுவார்கள், பயப்படாதீர்கள், அது வேறு, இது வேறு. மகனுக்கு விவரம் தெரியும் வயது என்றால் நீதிபதி அவனைத் தனியாக அழைத்துப் பேசலாம். அதற்காக அவனுக்கு எதையும் சொல்லிக் கொடுக்காதீர்கள், சொல்லிக் கொடுத்த பேச்சு நீதிபதிக்குத் தெரிந்துவிடும். அலுவலகத்துக்குப் போகும்போது உங்கள் அடையாள அட்டை, திருமணத்துக்கான ஆதாரம், மகனின் பள்ளி முகவரி, இதுவரை பார்க்க விடாததைக் காட்டும் கைப்பேசிச் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். பிறப்புச் சான்றிதழ் கணவர் வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தால் அதற்காகத் தாமதிக்க வேண்டாம், பிறப்பைப் பதிவு செய்த உள்ளாட்சி அலுவலகத்தில் நகல் வாங்கிக்கொள்ளலாம்.