தார்ப்பாய் போட்டு மூடிய விறகில் பூசணம்

வணக்கம். வசந்தத்தில் வெட்டிய கட்டைகளைப் பிளக்காமலே அடுக்கி, தார்ப்பாயைத் தரைவரை இழுத்துக் கட்டியதாகச் சொல்கிறீர்கள். இப்போது பூசணம் பிடித்திருக்கிறது, அடுப்பில் போட்டால் முனையில் நுரை தள்ளிப் புகைகிறது. மரத்தில் கோளாறு இல்லை, மூடிய விதம்தான் தப்பு. வெளியேறிய ஈரம் பாய்க்குள்ளேயே நின்று திரும்ப மரத்தில் இறங்குகிறது.

முதலில் பிளந்துவிடுங்கள். பட்டை ஈரத்தை எளிதில் விடாது. உருண்டைக் கட்டை பெரும்பாலும் இரு முனை வழியாகத்தான் காயும். 10 முதல் 15 செ.மீ. கனம் போதும். நீளம் அடுப்பின் உள்ளளவைவிட 5 செ.மீ. குறைவாக இருக்கட்டும்.

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சட்டங்கள் போட்டு, ஒற்றை வரிசையாக, சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். பாய் மேலே மட்டும். பக்கங்கள் திறந்தே இருக்கணும். வெயிலைவிடக் காற்றுதான் முக்கியம்.

மரத்தின் ஈரத்தைச் சதவீதத்தில் காட்டும் ஈரமானியைக் கட்டையின் முனையில் குத்தினால் ஏமாற்றும், அங்கே சீக்கிரம் காய்ந்துவிடும். ஒரு துண்டைப் புதிதாகப் பிளந்து, உள்முகத்தின் நடுவில் குத்துங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால் எரிக்கலாம்.

பைன் போன்ற மென்மரம் என்றால் மெல்லிய துண்டுகள் இந்தக் குளிருக்கே தேறலாம். ஓக் என்றால் இந்த வருஷம் மறந்துவிடுங்கள், அது இரண்டு வருஷம்கூடக் கேட்கும். அவசரத்துக்கு ஈர விறகை எரிக்காதீர்கள்: புகைபோக்கிக்குள் தார் படிந்து, ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். பூசணம் பிடித்ததை நன்றாகக் காயும்வரை வீட்டுக்குள் அடுக்கவும் வேண்டாம்.