இரண்டாவது தட்டு – கடிதம்

அன்புள்ள ஐயா,

பின்லாந்து இயக்குநர் அகி கௌரிஸ்மாக்கியின் ‘ஃபாலன் லீவ்ஸ்’ படம் பார்த்தேன். பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசு பெற்ற படம் என்று நீங்கள் எழுதியிருந்ததால்தான் பார்த்தேன். ஏமாற்றமாக இருந்தது. யாரும் சிரிப்பதில்லை, அழுவதில்லை. வேலை போகிறது, காதல் முறிகிறது, அப்போதும் மரம் மாதிரி நிற்கிறார்கள். கதையும் பழைய கதை. இவருக்கு எதற்கு இத்தனை விருதுகள்? பெயருக்காகக் கொடுக்கிறார்களா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

அந்தப் படத்தில் அன்சா தட்டு வாங்குவது நினைவிருக்கிறதா? ஹோலப்பாவைச் சாப்பிட அழைத்திருக்கிறாள். தனியாக வாழ்கிறவள், வீட்டில் ஒரு ஆளுக்கு வேண்டியதுதான் இருக்கிறது. கடைக்குப் போய் இன்னொரு தட்டும் முள்கரண்டியும் கத்தியும் வாங்கி வருகிறாள். அன்றிரவே அவன் குடி தெரிந்துவிடுகிறது. அப்பாவையும் உடன்பிறந்தவனையும் குடிக்குப் பறிகொடுத்தவள் அவள். அவன் போனதும் அந்தப் புதுத் தட்டை எடுத்துக் குப்பையில் போடுகிறாள். முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது. அவள் விம்மி அழுதிருந்தால் நம் கண் முகத்திலேயே நின்றிருக்கும். தட்டு நம் கண்ணுக்குத் தப்பியிருக்கும்.

கௌரிஸ்மாக்கி 1957ல் பின்லாந்தின் ஒரிமாத்திலாவில் பிறந்தவர். சினிமாவுக்கு வருமுன் தபால் கொண்டுபோயிருக்கிறார், பாத்திரம் கழுவியிருக்கிறார். அவருடைய மனிதர்களும் அப்படிப்பட்டவர்கள்தான்: குப்பை லாரி ஓட்டுகிறவன், சுரங்கம் மூடியதால் ஊரைவிட்டு வந்தவன், காலாவதியான தின்பண்டம் பையில் இருந்ததற்காக சூப்பர் மார்க்கெட்டிலிருந்து துரத்தப்பட்ட அன்சா. நாள் முழுக்க யாரிடமாவது கைகட்டி நிற்கவேண்டிய இவர்களை நம் முன்னாலும் அழவைக்க அவருக்கு மனம் வருவதில்லை. நீங்கள் மரம் என்று சொல்வதை நான் மானம் என்று சொல்வேன்.

1990ல் எடுத்த ‘த மேட்ச் ஃபாக்டரி கேர்ள்’ இயந்திரங்களோடு தொடங்குகிறது. பெரிய மரத்துண்டு உருள்கிறது, தோல் உரிகிறது, ஏடு ஏடாகச் சீவப்பட்டுக் குச்சியாகிறது, பெட்டிக்குள் போகிறது. இதெல்லாம் ஆனபிறகுதான் ஐரிஸின் கைகள் தெரிகின்றன. படம் எழுபது நிமிடம்கூட இல்லை. அவள் பேசுவதையெல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் தேறுமா என்பது சந்தேகம். ஐரிஸாக நடித்த கட்டி ஔடினென் வெறுமனே உட்கார்ந்திருக்கும் காட்சிகளைப் பல முறை பார்த்திருக்கிறேன். நடிப்பு என்றால் என்ன என்பதில் எனக்கிருந்த எண்ணத்தையே மாற்றியவர் அவர். ‘த மேன் வித்தவுட் எ பாஸ்ட்’ படத்துக்காக 2002ல் கான் விழா அவருக்குச் சிறந்த நடிகை விருது கொடுத்தது. அதே படத்துக்கு அங்கே இரண்டாவது பெரிய பரிசான கிராண்ட் பிரீயும் கிடைத்தது. கௌரிஸ்மாக்கிக்கு 2017ல் பெர்லின் விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி விருது, 2023ல் நீங்கள் பார்த்த இந்தப் படத்துக்கு நடுவர் பரிசு. கானின் முதல் பரிசான தங்கப் பனை மட்டும் இதுவரை இல்லை.

பெயருக்காகக் கொடுக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயருக்கு ஏங்குகிறவர் செய்யாத காரியங்களை அவர் செய்திருக்கிறார். 2002ல் ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரஸ்தமிக்கு அமெரிக்க விசா கிடைக்கவில்லை என்றதும் நியூயார்க் திரைப்பட விழாவுக்குத் தானும் போகவில்லை. அடுத்த ஆண்டு ஆஸ்கர் பரிந்துரை வந்தது. ஈராக் மீது போர் தொடுக்கவிருக்கும் நாட்டில் விழா கொண்டாட வரமாட்டேன் என்று அதற்கும் போகவில்லை. அன்சா ரேடியோவைத் திருப்பும்போதெல்லாம் உக்ரைன் போர்ச் செய்தி வருவதை இதோடு சேர்த்துப் பாருங்கள். பழைய கதைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ரேடியோ இன்றையது.

எல்லாப் படமும் கைகூடியதில்லை. 2006ல் வந்த ‘லைட்ஸ் இன் த டஸ்க்’கில் நாயகன் அடிவாங்கிக்கொண்டே இருக்கிறான். அங்கே உங்கள் புகார் எனக்கும் உண்டு.

அடுத்து ‘த மேன் வித்தவுட் எ பாஸ்ட்’ பாருங்கள். ஹெல்சின்கியில் ரயிலிறங்கி வந்தவனை ரௌடிகள் அடித்துப் போடுகிறார்கள். நினைவு போய்விடுகிறது, பெயரும் தெரியாது. துறைமுகத்துக் கன்டெய்னர் ஒன்றில் குடியிருக்கிறான். ஒருவர் வந்து மின்சார இணைப்புக் கொடுக்கிறார். எவ்வளவு தரவேண்டும் என்று இவன் கேட்கிறான். என்றைக்காவது சாக்கடையில் நான் குப்புற விழுந்து கிடந்தால் புரட்டி மல்லாக்கப் போடு, போதும் என்கிறார் அவர். அதைச் சொல்லும்போதும் அவர் முகத்தில் எதுவும் இருக்காது. பார்த்துவிட்டு எழுதுங்கள்.