கேள்வி பதில்: பசிபிக் சூரைமீன் ஐரோப்பாவுக்குப் போகும் வழி

கேள்வி: சார், பப்புவா நியூகினியின் டின் சூரைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் வரி இல்லையாமே?

பதில்: ஆமாம். 2009இல் பப்புவா நியூகினியும் ஃபிஜியும் ஒன்றியத்தோடு இடைக்காலப் பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தம் போட்டன. 2018இல் சமோவாவும் 2020இல் சாலமன் தீவுகளும் சேர்ந்தன. சலுகை இல்லாத நாட்டுக்கு 24 சதவீதம் வரி.

அதைவிடப் பெரிய சலுகை பிறப்பிட விதியில் இருக்கிறது. வழக்கமாக, ஆழ்கடலில் பிடித்த மீன் எந்த நாட்டுச் சரக்கு என்பதைக் கப்பலின் கொடியும் உடைமையும் முடிவு செய்யும். இங்கே எந்தக் கொடிக் கப்பல் பிடித்தாலும், பப்புவா நியூகினியில் இறக்கி லேயிலோ மடாங்கிலோ வேகவைத்து டின்னில் அடைத்தால் அது அந்நாட்டுச் சரக்கு. வேகவைத்த துண்டும், பதப்படுத்திய மீனுக்கான சுங்க வரிப் பட்டியலின் 1604ஆம் தலைப்பில் வந்துவிடும். பச்சையாக வெட்டி உறையவைத்த துண்டு 0304. அதற்கு இந்தத் தளர்வு கிடையாது. சரக்கு வாங்கப் பேசுமுன் தலைப்பு எண்ணைப் பாருங்கள்.

கேள்வி: வரி இல்லாதபோது சரக்கு ஏன் துறைமுகத்தில் நிற்கிறது?

பதில்: மூன்று சான்றுகளைக் குழப்பிக்கொள்வதால். ஈ.யு.ஆர்.1 பிறப்பிடத்துக்கு. சுகாதாரச் சான்று உணவுப் பாதுகாப்புக்கு. பிடிப்புச் சான்று சட்டப்படி பிடித்தார்களா என்பதற்கு. அதை உறுதி செய்ய வேண்டியது கப்பலின் கொடி நாடு, ஆலை இருக்கும் நாடு அல்ல. ஆலை தருவது பதப்படுத்தல் அறிக்கை. அதில் உள்ள எடை, பிடிப்புச் சான்றின் எடையோடு பொருந்த வேண்டும். முழு மீனில் பாதிக்கும் குறைவாகத்தான் வெந்த சதை தேறும். அதைத் தாண்டிய கணக்கு உடனே கண்ணில் படும்.

மீன் கெடும்போது உருவாகும் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் இன்னொரு கண்ணி. ஒரு தொகுதிக்கு 9 மாதிரி. சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, 100க்கும் 200க்கும் நடுவே இரண்டுக்கு மேல் வரக் கூடாது, 200ஐ ஒன்றுகூடத் தாண்டக் கூடாது. கப்பலில் குளிரூட்டத் தாமதித்தால் அது உருவாகும். பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் போகாது.

கேள்வி: கப்பலும் வெளியாருடையது, ஆலை முதலாளியும் வெளியார். தீவுக்கு என்ன மிச்சம்? இந்தப் பிறப்பிட விதித் தளர்வை ஸ்பெயின் ஆலைக்காரர்கள் எதிர்த்தது நியாயம்தானே?

பதில்: இல்லை. கொடி விதியை இறுக்கினால் அதே கப்பல் அதே மீனை பாங்காக்கில் இறக்கும். தீவு இழப்பது ஆலை வேலையை. கடலுக்கான வருமானம் தனி: தங்கள் கடலில் சூரை பிடிக்கக் கூட்டாக அனுமதி விற்கும் நவ்ரு ஒப்பந்தத் தீவு நாடுகள், ஒரு கப்பலின் ஒரு மீன்பிடி நாளுக்குக் குறைந்தது 8,000 டாலர் என்று அளவுகோல் வைத்திருக்கின்றன.

மறுகேள்வி: ஆலைக் கூலி மிகக் குறைவு சார். அதை மறைக்கிறீர்கள்.

பதில்: மறைக்கவில்லை. கூலி குறைவு, பெரும்பாலும் பெண்கள் வேலை பார்க்கிறார்கள், கழிவுநீர்ப் புகாரும் உண்டு. இவற்றுக்குத் தீர்வு குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலும் ஆலை உரிமத்திலும் இருக்கிறது. பிறப்பிட விதிச் சலுகையைப் பறித்தால் அந்தப் பெண்ணுக்குக் கூலி கூடாது, வேலையே போய்விடும்.

கேள்வி: சட்டவிரோத மீன்பிடிப்பைத் தடுக்காத நாட்டுக்கு ஒன்றியம் தரும் மஞ்சள் அட்டை வந்தால் ஏற்றுமதி நிற்குமா?

பதில்: நிற்காது, அது எச்சரிக்கை. சிவப்பு வந்தால்தான் தடை. பப்புவா நியூகினிக்கு 2014இல் மஞ்சள் வந்து 2015இல் நீங்கியது.

கேள்வி: ஃபிஜி சர்க்கரைக்கும் இதே வரிவிலக்கால் லாபம் உண்டா?

பதில்: 1903 முதல் சென்னையிலிருந்தும் கூலிகளை ஏற்றிப்போனது அந்தக் கரும்புக்குத்தான். ஒன்றியம் தந்த உறுதி விலை 2009இல் முடிந்தது. 2017இல் ஐரோப்பாவின் உள்நாட்டு உற்பத்தி வரம்பும் போனது. வரிவிலக்கு இருக்கிறது, நல்ல விலை இல்லை.

கேள்வி: பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் பாஸ்போர்ட் வாங்கினால் ஐரோப்பாவுக்கு விசா வேண்டாமா?

பதில்: வேண்டும். 2022இல் விசா விலக்குச் சலுகையை நிறுத்திவைத்தார்கள், 2024 டிசம்பரில் ரத்தே செய்துவிட்டார்கள்.

கேள்வி: ஈ.யு.ஆர்.1 கையில் இருக்கிறது. பிடிப்புச் சான்று தனியாக வேண்டுமா?

பதில்: வேண்டும். இரண்டாம் பதிலை முழுக்கப் படியுங்கள். சரக்கு ஏற்றுமுன் மூன்றையும் மேசையில் பக்கத்தில் வைத்து, கப்பல் பெயரும் எடையும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள்.