அப்பாவின் வாட்டர்மேன் பேனாவுக்கு கார்ட்ரிட்ஜ் எங்கே கிடைக்கும்?

கேள்வி: என் அப்பா வேலூர் சி.எம்.சி.யில் கிளார்க்காக இருந்தவர். அமெரிக்காவுக்குத் திரும்பிப் போன ஒரு டாக்டர் அவருக்குக் கொடுத்த வாட்டர்மேன் சி/எஃப் பேனா இப்போது என்னிடம் இருக்கிறது. கடைகளில் கேட்டால் பார்க்கர் கார்ட்ரிட்ஜை எடுத்து நீட்டுகிறார்கள். வாட்டர்மேன் என்றே போட்ட புது டப்பாவை ஆன்லைனில் வாங்கினேன், அதுவும் பொருந்தவில்லை. இந்தப் பேனாவில் இனி எழுதவே முடியாதா? – வாசகி, குடியாத்தம்

பதில்: தாராளமாக எழுதலாம். புது டப்பா ஏன் பொருந்தவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சி/எஃப் 1953-ல் வந்த மாடல். பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜ், அதாவது மை அடைத்த சின்னக் கூடு, போட்டு எழுதும் பேனாக்களில் அதுதான் முன்னோடி. அப்போது பொது அளவு என்று எதுவும் இல்லாததால் வாட்டர்மேன் தன் பேனாவுக்கென்று தனி அளவில் கார்ட்ரிட்ஜ் செய்தது. இன்று அதே கம்பெனி விற்பது 'இன்டர்நேஷனல்' எனப்படும் பொது அளவு. பெயர் ஒன்றுதான், வாய் வேறு. பழைய அளவை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. வாங்கிய புது கார்ட்ரிட்ஜை அழுத்தித் திணித்துப் பார்க்காதீர்கள். உள்ளே கார்ட்ரிட்ஜைத் துளைக்கும் சின்னக் குழாய் உடைந்தால் அதற்கு மாற்று கிடைப்பது கார்ட்ரிட்ஜ் கிடைப்பதைவிடக் கஷ்டம்.

இப்போது பேனாவைத் திருகித் திறந்து பாருங்கள். உள்ளே அப்பா கடைசியாகப் போட்ட காலி கார்ட்ரிட்ஜ் இருக்கிறதா? இருந்தால் உங்கள் தேடல் பெரும்பாலும் முடிந்துவிட்டது. காலியாகிவிட்டதே என்று பலர் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள், எனக்கு மனசே ஆறாது. அதிலேயே மறுபடி மை நிரப்பிக்கொள்ளலாம். மை எந்தக் கடையிலும் கிடைக்கும். கிடைக்காதது அந்தப் பிளாஸ்டிக் கூடுதான்.

கூடு இல்லையென்றால் வெளிநாட்டு ஏலத் தளங்களில் தேடுங்கள். விற்காமல் தங்கிப்போன பழைய சரக்கை அங்கே 'நியூ ஓல்டு ஸ்டாக்' என்ற பெயரில் போடுவார்கள். சீல் உடையாத கார்ட்ரிட்ஜிலும் மை பாதி வற்றியோ முழுக்கக் காய்ந்தோ இருக்கும், ஏனென்றால் பிளாஸ்டிக் வழியாகவே ஈரம் மெல்ல மெல்லப் போய்விடும். அதற்காக வாங்காமல் விட்டுவிடாதீர்கள். காய்ந்ததை விலை குறைத்துக் கேட்டு வாங்கலாம். பணம் கட்டும் முன் வாய்ப்பக்கத்தை நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், விரிசல் இருந்தால் வேண்டாம். இதே மாடலுக்கான கன்வெர்ட்டர் (கார்ட்ரிட்ஜுக்குப் பதிலாக மாட்டி, பாட்டிலிலிருந்து மை உறிஞ்சிக்கொள்ளும் குழல்) கண்ணில் பட்டால் யோசிக்காதீர்கள், அது அபூர்வம். சென்னைக்குப் போகிற வேலை இருந்தால் பாரிமுனைப் பக்கம் பழைய பேனாக் கடைகளிலும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள்.

கூடு கிடைத்ததும் உள்ளே மிச்சம் இருக்கும் பழைய மையை அப்படியே பேனாவில் விடக் கூடாது. கொட்டிவிட்டு, டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி ஊறவைத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவுங்கள். நம் பக்கத்து போர் தண்ணீர் இதற்கு ஆகாது. அதில் இருக்கும் உப்பு, நிப்புக்கு அடியில் மை ஓடும் மெல்லிய வழியில் படிந்து அடைத்துவிடும். பேட்டரிக்கு ஊற்றுவதற்கென்று பாட்டிலில் விற்கிற தண்ணீர் போதும், சீல் உடைக்காததாகப் பார்த்து வாங்குங்கள்.

நிரப்புவதற்கு சிரிஞ்சு வேண்டும். வேலூர் ஐடா ஸ்கடர் ரோட்டில் வரிசையாக மெடிக்கல் ஷாப் இருக்கும்போது அது ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் இன்சுலின் சிரிஞ்சு வாங்காதீர்கள். அதன் ஊசி ரொம்பக் குட்டை, கூட்டின் அடிவரை எட்டாது. மேலாக மை விட்டால் நடுவில் காற்றுக் குமிழி சிக்கி, பாதிதான் நிரம்பும். 2 மி.லி. சிரிஞ்சும் நீளமான ஊசியும் வாங்கி, ஊசி முனையை உப்புத்தாளில் தேய்த்து மழுக்கிவிடுங்கள். முனையை அடிவரை விட்டு, மை ஏற ஏற ஊசியை மெல்ல மேலே இழுங்கள். வாய்வரை தளும்பத் தளும்ப நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். முன்பு இன்சுலினோ வேறு மருந்தோ ஏற்றிய சிரிஞ்சு வேண்டாம், புதிதாகவே வாங்குங்கள்.

மை விஷயத்தில் நான் கறார். கேமல், பிரில், குவிங்க் போன்ற சாதாரண பவுண்டன் பேனா மை மட்டும் போடுங்கள், முதலில் நீலம். நீலம் கழுவினால் சுலபமாகப் போய்விடும். படம் வரைகிற இந்தியன் இங்க், ஸ்டாம்ப் பேட் மை, எழுத்து அழியவே அழியாது என்று விற்கும் மை எதுவும் இந்தப் பேனாவுக்குள் போகக் கூடாது.

பேனாவையும் கழுவ வேண்டும் அல்லவா? நிப் பகுதியை மட்டும் டிஸ்டில்ட் வாட்டரில் ஓர் இரவு ஊறவையுங்கள். நீலம் கரைந்து வந்துகொண்டே இருந்தால் தண்ணீரை மாற்றி மறுபடி ஊறவையுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், வீட்டில் இருக்கும் ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம், பழைய பிளாஸ்டிக்கை இரண்டுமே கெடுக்கும். சி/எஃப்பில் நிப் முன்பகுதியோடு பதித்திருக்கும், மற்ற பேனா மாதிரி உருவி எடுத்துக் கழுவலாம் என்று இழுத்துவிடாதீர்கள்.

பல தடவை கழற்றி மாட்டினால் கூட்டின் வாய் தளர்ந்து கசிய ஆரம்பிக்கும். மை நிரப்பும்போதெல்லாம் கூட்டை உருவித்தான் ஆக வேண்டும் என்பதால் மெதுவாக, முறுக்காமல் நேராக இழுங்கள். தளர்ந்த பிறகு வாயைச் சுற்றி சிலிகான் கிரீஸ் துளியூண்டு தடவினால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். அதற்குள் இரண்டாவது கூடு ஒன்றைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

கூடே கிடைக்கவில்லை என்றால் பேனா ரிப்பேர் செய்கிறவரிடம் கொடுத்து, உள்ளே இருக்கும் அந்தக் குழாயில் ஒருமுனை அடைத்த சின்ன ரப்பர் பையை மாட்டச் சொல்லலாம். பிழிந்து விட்டால் மை உறிஞ்சிக்கொள்ளும், வேண்டாமென்றால் பேனாவுக்குச் சேதமில்லாமல் கழற்றிவிடலாம். பேனா உடலிலேயே நேராக மை ஊற்றிக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதற்காகச் செய்த பேனா இல்லை இது. கைச்சூட்டில் உள்காற்று விரிந்து மையைத் தள்ளும், நம் ஊர் மே மாத வெயிலில் சட்டைப் பையே நீலமாகிவிடும். அந்த மாதங்களில் பேனாவைத் தினம் எடுக்கப் போவதில்லை என்றால் மையை வெளியேற்றி, கழுவி, காய வைத்து எடுத்து வையுங்கள்.