ஜெர்மனியில் ‘ஓ பேர்’: தமிழ் வீட்டுக்கே போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 26. இன்னும் ஐந்து மாதத்தில் 27 முடிகிறது. தஞ்சாவூரில் ஒரு மழலையர் பள்ளியில் வேலை. ஜெர்மனியில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு ‘ஓ பேர்’ (ஒரு குடும்பத்தோடு தங்கி, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே அந்த நாட்டு மொழி பழகுபவர்) ஆக அனுப்புவதாக ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். கணவன், மனைவி இருவருக்கும் சொந்த ஊர் திருச்சிப் பக்கம், இப்போது ஜெர்மன் குடியுரிமை பெற்றவர்கள். இரண்டு குழந்தைகள். மாதம் 800 யூரோ சம்பளமாம். ஏஜென்ட் மூன்றரை லட்சம் கேட்டார். ஒரு லட்சம் ஜிபேயில் அனுப்பிவிட்டேன். பாஸ்போர்ட்டும் அவரிடம்தான் இருக்கிறது. “மொழியை அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம். அவர்கள் இந்தியர்கள் என்று மட்டும் தூதரகத்தில் சொல்லாதே” என்கிறார். ஒப்பந்த நகலை இணைத்திருக்கிறேன். நம்பலாமா?

பதில்: முதலில் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம். பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. ‘மீதிப் பணம் வந்தால்தான் தருவேன்’ என்று பிடித்து வைத்துக்கொள்ள எந்த ஏஜென்ட்டுக்கும் உரிமை கிடையாது.

அடுத்து, நீங்கள் கேட்காத கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ‘அவர்கள் இந்தியர்கள் என்று சொல்லாதே’ என்றாரே, ஏன்? ஜெர்மனியின் வேலைவாய்ப்பு ஒழுங்குமுறையில் 12ஆம் பிரிவு ஓ பேர் பற்றியது. ஜெர்மனைத் தாய்மொழியாகப் பேசும் குடும்பத்துக்குத்தான் ஓ பேர் போகலாம் என்பது பொது விதி. தாய்மொழி வேறாக இருந்தும் வீட்டில் ஜெர்மன்தான் பேசுகிறார்கள் என்றால் அதற்கும் அனுமதி உண்டு. ஆனால் அந்த வீட்டுப் பெற்றோரின் பூர்வீக நாட்டிலிருந்து ஓ பேர் வரக் கூடாது. கையில் ஜெர்மன் பாஸ்போர்ட் இருப்பதால் திருச்சிக்காரர்களின் பூர்வீகம் மாறிவிடாது. ஆக, உங்களுக்கு அந்த வீட்டுக் கதவு மூடியிருக்கிறது. நம்மவர்கள் வீடு, நம்ம சாப்பாடு, பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று உங்கள் வீட்டில் நினைத்திருப்பார்கள். அந்த நினைப்பில் தவறில்லை. ஆனால் இந்த விசாவின் நோக்கமே அந்த நாட்டு மொழியையும் வாழ்க்கையையும் பழகுவது. தமிழ் வீட்டில் போய் அதைப் பழக முடியாது என்பது சட்டத்தின் கணக்கு.

இலங்கைத் தமிழ்க் குடும்பமாக இருந்தால் என்று சிலர் கேட்பார்கள். விதி நாட்டைப் பார்க்கிறது, இனத்தைப் பார்ப்பதில்லை. எனவே அந்தத் தடை அங்கே பொருந்தாது. ஆனால் வீட்டில் உண்மையாகவே ஜெர்மன் புழங்க வேண்டும். தமிழ்தான் பேசுகிறார்கள் என்றால் அதுவும் நடக்காது.

இதை மறைத்து விசா வாங்கினால் பிரச்சினை ஏஜென்ட்டுக்கு இல்லை, கையெழுத்துப் போட்ட உங்களுக்கு. விசாவுக்காகப் பொய்த் தகவல் தருவது ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை அல்லது அபராதம் விதிக்கக்கூடிய குற்றம்.

இனி ஒப்பந்தம். இரண்டாம் பக்க அட்டவணையைப் பேனாவும் கையுமாகக் கூட்டிப் பார்த்தேன். காலை 6.30 முதல் 9.30 வரை குழந்தைகள், சமையல். 12 முதல் 2 வரை ‘மாமனாருக்குச் சாப்பாடு, இன்சுலின் ஊசி’. மாலை 4 முதல் 8.30 வரை மறுபடி குழந்தைகள், இரவுச் சமையல். நாளுக்கு ஒன்பதரை மணி நேரம், வாரம் ஆறு நாள். மொத்தம் 57 மணி நேரம்! ஓ பேருக்குச் சட்டம் அனுமதிப்பது நாளுக்கு 6 மணி, வாரத்துக்கு 30 மணி. வாரத்தில் ஒன்றரை நாள் முழு ஓய்வு, நான்கு மாலைகள் உங்களுடையவை, மாதத்தில் ஒரு ஞாயிறாவது விடுமுறை. முதியவருக்கு ஊசி போடுவது ஓ பேர் வேலையே அல்ல. 800 யூரோ சம்பளம் என்ற வரியையும் சேர்த்துப் படித்தால், அது வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் கடிதம்.

உண்மையான ஓ பேருக்குச் சம்பளம் இல்லை, மாதம் 280 யூரோ கைச்செலவுப் பணம். அதோடு மொழி வகுப்புக்கு மாதம் 70 யூரோ, தனி அறை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் குடும்பத்தின் பொறுப்பு. ஓராண்டு இருந்தால் நான்கு வாரம் விடுப்பு. ஆறு மாதத்துக்குக் குறையாமல், ஓராண்டுக்கு மிகாமல், வாழ்நாளில் ஒரே முறைதான். விமான டிக்கெட் பெரும்பாலும் நம் செலவு. சம்பாதித்து ஊருக்கு அனுப்பலாம் என்று கணக்குப் போட்டுப் போகிறவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது.

சரி, அந்த ஒரு லட்சம்? ஜெர்மனியில் ஓ பேர் ஏற்பாடு செய்யும் முகவர் ஓ பேரிடம் 150 யூரோவுக்கு மேல் வாங்கச் சட்டம் விடாது. இங்கே 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் பதிவுச் சான்று வைத்திருக்க வேண்டும். பதிவு பெற்றவரே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் உங்கள் ஏஜென்ட்டின் பெயரைத் தேடுங்கள். ‘இது வேலை இல்லை, கலாச்சாரப் பரிமாற்றம்’ என்று அவர் தப்பப் பார்ப்பார். அவர் கொடுத்த தாளிலேயே ‘சம்பளம் 800 யூரோ’ என்று இருப்பது உங்களுக்குப் பலம். ஜிபே பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, ஒப்பந்தம் எல்லாவற்றையும் பிரதி எடுத்துவிட்டு, பணத்தையும் பாஸ்போர்ட்டையும் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சென்னையில் உள்ள குடியேற்றப் பாதுகாவலர் (Protector of Emigrants) அலுவலகத்திலும், மாவட்டக் குற்றப் பிரிவிலும் புகார் கொடுங்கள். மோசடிக்குப் பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவு இருக்கிறது. இப்போதைக்குப் போனில் சண்டை போட வேண்டாம். பாஸ்போர்ட் கைக்கு வரும் வரை நயமாகப் பேசுங்கள்.

ஓ பேர் ஆசை இன்னும் இருந்தால், விசா விண்ணப்பம் கொடுக்கும் நாளில் 27 முடிந்திருக்கக் கூடாது. ஏ1 என்ற தொடக்க நிலை அளவு ஜெர்மன் இங்கேயே முடித்திருக்க வேண்டும். அங்கே போய்ப் படிக்கலாம் என்பது பொய். ஐந்து மாதத்தில் தேர்வு, தகுதியான குடும்பம், விசா விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பது மூன்றும் அமைவது கஷ்டம்தான், முடியாதது இல்லை. ஜெர்மன் மொழி சொல்லித்தரும் சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் அடுத்த ஏ1 தேர்வு எப்போது என்று இந்த வாரமே விசாரியுங்கள். தேதி கைமீறிப் போனால் பி1 என்ற இடைநிலை வரை ஜெர்மன் படித்து, ‘அவுஸ்பில்டுங்’ என்ற தொழிற்பயிற்சிக்கு முயலுங்கள். பயிற்சி ஒப்பந்தம் கையில் இருந்தால் அந்த விசாவுக்கு 27 என்ற வரம்பு கிடையாது, மாதாமாதம் ஊதியமும் உண்டு. மழலையர் பள்ளி அனுபவச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள், இரண்டு வழிக்கும் உதவும்.