ஹாலிவுட் படங்களில் சீனர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: திரையில் வந்த சார்லி சான் நேர்மையான, கூர்மதி கொண்ட சீனத் துப்பறிவாளர்தானே? அந்தப் பாத்திரத்தின் மீது சீன அமெரிக்கர்களுக்கு ஏன் இத்தனை மனத்தாங்கல்?

பதில்: பாத்திரத்தின் குணத்தைப் பார்த்த நீங்கள், வேடம் கட்டியவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 1931 முதல் சானாக நடித்துப் புகழ்பெற்ற வார்னர் ஓலண்ட் சுவீடனில் பிறந்தவர். அவருக்குப் பின் வந்த சிட்னி டோலரும் ரோலண்ட் விண்டர்ஸும் வெள்ளையர்களே. சானின் மூத்த மகனாக நடித்த கீ லூக் மட்டும் சீனர். மகன் சீனராக இருக்கலாம், தந்தை இருக்கக் கூடாது என்ற ஏற்பாடு அது. 1929இல் சீனக் கொடியவன் ஃபூ மான்சூவாக வந்தவரும் இதே ஓலண்ட்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கேள்வி: ஃபூ மான்சூ உண்மையில் வாழ்ந்தவரா?

பதில்: இல்லை. சாக்ஸ் ரோமர் என்ற ஆங்கிலேய எழுத்தாளரின் கற்பனை.

கேள்வி: 1937இல் வந்த 'தி குட் எர்த்' படத்தின் நாயகி வேடம் சீன அமெரிக்க நடிகை அன்னா மே வோங்குக்குக் கிடைக்காததற்கு அன்றைய தணிக்கை விதிதான் காரணம். ஸ்டுடியோவைப் பழிப்பது நியாயமா?

பதில்: இந்த வாதத்தைப் பலர் சொல்வதால் விரிவாகவே எழுதுகிறேன். ஹாலிவுட்டின் 1930ஆம் ஆண்டுத் தணிக்கை விதித்தொகுப்பின் வாசகம் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான உறவைத்தான் பெயர்சொல்லித் தடுத்தது. நடைமுறையில் அதன் நிழல் ஆசியர் மீதும் விழுந்தது. ஆகவே சீன விவசாயியாக வெள்ளையரான பால் முனி நடிக்கையில், அவருக்கு மனைவியாக ஒரு சீனப் பெண் நடிப்பது சிக்கலாகியிருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முனியை விவசாயியாக்கச் சொன்னது எந்த விதி? சீனர் ஒருவரைக் கணவராக்கியிருந்தால் விதி குறுக்கே வந்திருக்காது. லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்து, 1922 முதலே நாயகியாக நடித்துவந்த வோங்கைக் குடும்பத்தைக் குலைக்கும் இரண்டாம் மனைவி வேடத்துக்கு மட்டுமே எண்ணிப்பார்த்தார்கள். அவர் அதை விரும்பவில்லை. 1936இல் சீனாவுக்குப் பயணமானார்.

அதே வாசகர்: அன்று தகுதியான சீன நடிகர்கள் அமெரிக்காவில் இருந்தார்களா? அதையும் எண்ண வேண்டாமா?

பதில்: சீனத் தொழிலாளர் குடியேற்றத்தை 1882ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது; 1943இல் அது நீங்கியபோதும் ஆண்டுக்கு 105 பேர் என்றே வரம்பு வைத்தார்கள். ஆகவே சீனர் குறைவாக இருந்தது தற்செயல் அல்ல. இருந்தும் அதே படத்தில் மூத்த மகனாக நடித்தவர் யார் தெரியுமா? நான் மேலே சொன்ன கீ லூக். ஆள் இல்லை என்ற வாதம் அந்தப் படத்திலேயே உடைந்துபோகிறது.

வேறொரு வாசகர்: நாயகியாக நடித்த வெள்ளையரான லூயிசே ரெய்னருக்கு ஆஸ்கார் கிடைத்ததே, பிறகென்ன குறை?

பதில்: அவருடைய திறமையை நான் எங்கும் மறுக்கவில்லை. கேட்பது வாய்ப்பைப் பற்றி.

கேள்வி: ரெய்னர் ஆஸ்கார் வென்ற பின்னும் இதை அநீதி என்பது சரியா?

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி: மிக்கி ரூனி பல்லைத் துருத்திக்கொண்டு நடித்த அந்தச் சீனர் வேடத்தைப் பற்றி?

பதில்: 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்' படத்தில் ரூனி நடித்த யூனியோஷி பாத்திரம் ஜப்பானியர். சீனர், ஜப்பானியர், கொரியர் என்று பிரித்துப் பார்த்த பிறகே கேள்வி அனுப்புங்கள் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்; எல்லாரையும் ஒரே முகமாக்கிய பிழையை, அதைக் கண்டிக்க வந்த நாமும் செய்யக் கூடாது.

கேள்வி: முதலில் எந்தப் படத்தைப் பார்க்கலாம்?

பதில்: வெய்ன் வாங் 1982இல் இயக்கிய 'சான் இஸ் மிஸ்ஸிங்'. சான் பிரான்சிஸ்கோ சைனாடவுனில் இரு டாக்சி ஓட்டுநர்கள் சான் என்பவரைத் தேடி அலைகிறார்கள். விசாரிக்கும் ஒவ்வொருவரும் அவரை வேறொரு மனிதராக விவரிக்கிறார்கள்.